பின் அறையில் பெட்ரோல் வாசனை

லிட்டர் இறந்துபோன பிறகும் சாயங்காலம் வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. இதை அவர் மனைவி ஊரெல்லாம் தம்பட்டம் அடித்ததில்லை. யாராவது கேட்டால் சொல்வாள், அதுவும் பால்காரர் வந்துவிட்டுப் போனதைச் சொல்கிற மாதிரிதான் சொல்வாள். கேட்டவர்களுக்குத்தான் முகம் வெளிறும்.

லிட்டர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. வீட்டின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பெட்ரோல் பங்கில் வண்டிகளுக்கு ஊற்றிக்கொடுத்தே ஆயுசில் பாதியைக் கழித்த மனிதர் அவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் நின்றிருந்தார். மணி என்ன என்று யாரோ கேட்டதற்கு "ஆறரை லிட்டர்" என்று சொல்லித் தொலைத்தார். அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது. கல்யாணம் ஆகி வந்தவளுக்கும் வேறு வழியில்லை; வந்த வாரமே லிட்டரம்மா ஆகிவிட்டாள். முதலில் கோபம் வந்தது. அப்புறம் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க நேரம் பிடித்தது.

ரத்தத்தில் ஏதோ நோய் என்றார்கள். ஆள் மெலிந்து, படுக்கையில் விழுந்து, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தார். அதே வருஷம் பங்கையும் மூடினார்கள். பம்புகளைக் கழற்றி எடுத்துப்போய்விட்டார்கள்; மேற்கூரை மட்டும் தூண்களின்மேல் வெட்டியாக நின்றது. மகன் வெளியூரில் வேலை கிடைத்துப் போனான். லிட்டரம்மா தனிமரமாகிவிட்டாள் என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். தான் தனியாக இல்லை என்பது அவளுக்குத்தான் தெரியும்.

பொழுது சாய்ந்ததும் கொசுவுக்குப் பயந்து ஜன்னல்களை எல்லாம் இழுத்துச் சாத்துவாள். சமையலறையில் புகையை வெளியே தள்ளுகிற ஃபேனைப் போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைப்பாள். வெங்காயம் வதங்கிக்கொண்டிருக்கும்போதே பின் அறைப் பக்கமிருந்து இன்னொரு வாசனை வரும். பெட்ரோல். மூக்கைப் பிடுங்குகிற அளவுக்கு இல்லை. வேலை முடிந்து வந்த ஆள் பேசாமல் பக்கத்தில் வந்து நின்றால் வருமே, அவ்வளவுதான். "வந்தாச்சா?" என்பாள். அப்புறம் அன்றைய சேதிகளை ஒப்பிப்பாள்: மகன் போனில் பேசியது, தெருக்குழாயில் தண்ணீர் வராதது, கரண்ட் பில்லைப் பார்த்து மயக்கம் வந்தது. உயிரோடிருந்தபோதும் அவர் பதில் சொல்கிற ரகமில்லை, அதனால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அந்த நேரத்தில் தலை வலிக்கும், கண் எரியும். செத்துப்போன புருஷனோடு குடித்தனம் நடத்துகிறவளுக்குத் தலைவலிகூட வராதா என்ன என்று விட்டுவிட்டாள்.

மகனிடம் சொன்னபோது, "அம்மா, நல்ல டாக்டரா ஒருத்தரைப் பாரும்மா" என்றான். தங்கையிடம் சொன்னாள். தங்கைக்கு வருஷம் முழுக்க ஜலதோஷம். "என் மூக்குக்கு மல்லிகையும் மண்ணெண்ணெயும் ஒண்ணுதான்க்கா, என்னைக் கேக்காத" என்று கழன்றுகொண்டாள். அந்தத் தங்கைதான் இப்போது தினமும் காலையில் தன் எட்டு மாதக் குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள். பொழுது இருட்டிய பிறகு மூச்சிரைக்க ஓடிவந்து தூக்கிக்கொண்டு போவாள். குட்டிக்குத் தொட்டில் பின் அறையில். வீட்டிலேயே சத்தம் இல்லாத அறை அதுதான். லிட்டர் கடைசியாகப் படுத்திருந்ததும் அங்கேதான்.

பங்க் இருந்த மனையை யாரோ அடுக்குமாடி கட்ட வாங்கினார்கள். கட்டுவதற்கு முன்னால் நிலத்தைச் சோதித்துக் காட்டச் சொல்லி அதிகாரிகள் உத்தரவு போட்டுவிட்டார்களாம். ஒருநாள் காலையில் துளை போடும் வண்டியோடு ஒரு பெண் வந்து இறங்கினாள். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். காலில் முட்டிவரை பூட்ஸ், தலையில் ஹெல்மெட், கைகளில் நீல ரப்பர் உறை. லிட்டரம்மா பின்சுவருக்கு மேல் எட்டிப் பார்த்த கையோடு அவளுக்கு மண்ணுக்காரி என்று பெயர் வைத்துவிட்டாள். பட்டப்பெயரோடு வாழ்ந்தவளால் அடுத்தவருக்கு ஒன்று வைக்காமல் இருக்க முடியுமா?

மண்ணுக்காரியின் வேலையைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. துளையிலிருந்து வந்த மண்ணை நீளவாக்கில் படுக்க வைத்தாள். அங்கங்கே ஒரு பிடி எடுத்துப் பிளாஸ்டிக் பையில் கட்டி, கொஞ்ச நேரம் வெயிலில் போட்டு, ஆவியை அளக்கும் ஒரு மீட்டரின் முனையைப் பைக்குள் நுழைத்து எண்ணைப் பார்த்தாள். துளைக்குள் குழாய் இறக்கி, நூலில் கட்டிய நீளக் குப்பியை அதற்குள் விட்டுத் தண்ணீர் மொண்டாள். அதைச் சின்னச் சின்னக் கண்ணாடிப் புட்டிகளில் தளும்பத் தளும்ப நிரப்பினாள். மூடியதும் தலைகீழாகக் கவிழ்த்து விரலால் ஒரு தட்டு. உள்ளே கடுகளவு காற்றுக்குமிழி ஓடினாலும் அந்தப் புட்டி வேண்டாம், வேறு புட்டி. துளைக்குத் துளை கைக்குப் புது உறை. இவள் கையால் சோறு சாப்பிட்டால் ஒரு நோய் அண்டாது என்று லிட்டரம்மா நினைத்துக்கொண்டாள்.

சுவரை ஒட்டி, லிட்டரம்மா வீட்டுப் பக்கமாகத் துளை போட்டபோதுதான் அது நடந்தது. முதலில் செம்பழுப்பு மண் வந்தது. அப்புறம் சாம்பல் நிறத்தில் வந்தது. துளை போடுகிறவர் முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டார். காற்று சுவரைத் தாண்டியது. லிட்டரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அதே வாசனை. பட்டப்பகலில், நிலத்துக்கு உள்ளேயிருந்து, அவருடைய வாசனை. தோண்டாதீர்கள், அங்கே ஆள் படுத்திருக்கிறார் என்று கத்தப் போனவள் வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"ஏம்மா, மோந்து பாத்தாலே தெரியுதே, அதுக்கு எதுக்கு மெஷின்?" என்று மட்டும் கேட்டாள்.

மண்ணுக்காரி நிமிர்ந்தாள். "மோந்து மோந்தே எங்க ஆளுங்கள்ல சில பேருக்கு மூக்கு செத்துப்போச்சும்மா. நான் மோந்து பாக்கறதில்ல. ஏன், அங்க நிக்கற உங்களுக்கே வாசனை வருதா?"

"வீட்டுக்குள்ளயே வருமே. சாயங்காலம்தான் வருவார்." சொல்லிவிட்டு லிட்டரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மண்ணுக்காரி சிரிக்கவில்லை. உறையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சுவரோரம் வந்தாள். "எந்த ரூம்லம்மா? தினமுமா? மழை பெய்யற அன்னிக்குமா?" என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். பெற்ற பிள்ளை நம்பவில்லை, கூடப்பிறந்தவள் நம்பவில்லை, எங்கிருந்தோ வந்த இவள் நம்புகிறாளே! லிட்டரம்மா உருகிப்போய் ஒன்றுவிடாமல் கொட்டினாள்.

"அவர் வர்ற நேரத்துல வீட்டுல என்னென்னம்மா ஓடிட்டு இருக்கும்? ஃபேன், மோட்டார், அந்த மாதிரி?"

இது என்ன கேள்வி என்று இருந்தது. ஆனாலும் சொன்னாள். மண்ணுக்காரி கேட்டுக்கொண்டு, லிட்டரம்மா வீட்டு போர்வெல்லிலிருந்தும் புட்டிகளில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள்.

ஆய்வகத்திலிருந்து எல்லாம் வந்து சேரச் சில வாரங்கள் ஆயின. இந்தத் தடவை மண்ணுக்காரி வாசல் வழியாக வந்தாள். பூட்ஸை வெளியே கழற்றி வைத்தாள். கொடுத்த காப்பியை ஒரு வாய்கூடக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"பங்குக்குக் கீழ புதைச்சிருந்த டேங்க்ல ஒண்ணு அடிப்பக்கம் துருப்பிடிச்சு ஓட்டையாயிருக்கும்மா. ரொம்ப நாளாவே கசிஞ்சிருக்கு. பங்கை மூடினப்ப ஒருத்தர் வந்து சோதிச்சிருக்கார். ஆனா தரை ரோட்டுப் பக்கமா சரிஞ்சிருக்கா, அடியில இருக்கற தண்ணியும் அந்தப் பக்கம்தான் போகும்னு முடிவு பண்ணி, ரோட்டோரம் மட்டும் துளை போட்டுப் பாத்துட்டு எல்லாம் சுத்தம்னுட்டார்."

"போகலையா?"

"மேல ரோடு எப்படிச் சரிஞ்சிருக்குன்னு அடியில இருக்கற தண்ணிக்கு என்னம்மா தெரியும்? உங்க போர்வெல் மோட்டார் ஓட ஓட அது இந்தப் பக்கம் திரும்பியிருக்கு. மேலாக மிதக்கற பெட்ரோலும் கூடவே வந்திருக்கு. இப்போ உங்க வீட்டுக்கு அடியில நிக்குது."

தோட்டத்துக்கும் துணி துவைக்கவும் காலையும் மாலையும் தவறாமல் மோட்டார் போடுகிறவள் லிட்டரம்மா. "அப்போ நான்தான் கூப்பிட்டிருக்கேன்" என்றாள்.

மண்ணுக்காரி காப்பியைக் கீழே வைத்தாள். "சாயங்காலம் ஜன்னலைச் சாத்திட்டு சமையல் ஃபேனைப் போடறீங்க. அது காத்தை வெளிய தள்ளுது. தள்ளின காத்துக்குப் பதில் காத்து எங்கிருந்தாவது உள்ள வந்தாகணும். பின் ரூம் தரையில வெடிப்பு இருக்கு. அது வழியா கீழ இருக்கற ஆவி வருதுன்னு நினைக்கறேன். வருஷக்கணக்கா அதைச் சுவாசிச்சா உடம்புக்கு ஆகாதும்மா." அவள் பார்வை தொட்டிலுக்குப் போயிற்று. "குழந்தைக்குச் சுத்தமா ஆகாது."

லிட்டரம்மா அவர் கடைசியாகப் படுத்திருந்த கட்டிலைப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: "அவரைக் கொண்டுபோனதும் இதுதானா?"

"எனக்கு மண்ணும் தண்ணியும்தான்மா தெரியும். அதை டாக்டர்தான் சொல்லணும்." சொல்லும்போது மண்ணுக்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி, இப்போ என்ன பண்ணப்போறீங்க?"

"முதல்ல ரூம் காத்தைச் சோதிக்கணும். தரைக்கு அடியிலருந்துதான் வருதுன்னு உறுதியாயிட்டா, ஒரு மூலையில தரையை ஒடைச்சுக் குழாய் இறக்கி, கூரைமேல சின்னதா ஒரு ஃபேன் வைப்போம். அது ராப்பகலா அடியில இருக்கறதை இழுத்து வெளிய விட்டுடும். அப்புறம் அந்த வாசனை வரவே வராதும்மா."

நல்ல சேதி சொல்கிற குரலில்தான் சொன்னாள், பாவம். லிட்டரம்மாவுக்கு மறுபடியும் அவரை எடுத்த நாளில் வாசலில் நிற்பதுபோல் இருந்தது. போன தடவை தூக்கிக்கொண்டு போனபோது தடுக்க முடியவில்லை. இந்தத் தடவையும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க அவள் தயாராக இல்லை.

சோதனைக்காக மண்ணுக்காரி கொண்டுவந்து வைத்தது கால்பந்து அளவில் ஒரு எவர்சில்வர் உருண்டை. தலையில் ஒரு திருகு. திறந்துவிட்டால் ஒரு முழுநாள் அறைக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். அதற்கு முன்னால் வீட்டைச் சல்லடை போட்டுச் சலித்தாள். பெயின்ட், தின்னர், ஷூ பாலிஷ், நகப்பூச்சு, கொசு மருந்து எல்லாம் வெளியே போயின.

"ஒண்ணு இருந்தாலும் கணக்கு தப்பிடும்மா. வாசனை அதுலருந்து வருதா தரையிலருந்து வருதான்னு சொல்ல முடியாமப் போயிடும். பெட்ரோல் பட்ட துணிமணி ஏதாவது இருக்கா?"

"இல்லம்மா" என்றாள் லிட்டரம்மா, கண் இமைக்காமல்.

இருந்தது. பின் அறைக் கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி. அதற்குள் லிட்டர் பங்கில் போட்டிருந்த காக்கிச் சட்டை, துவைக்காமல் மடித்து வைத்தது. அதை அந்த உருண்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட வேண்டியது. எல்லாம் முடிந்த பிறகு, "ஐயோ, இதை மறந்தே போயிட்டேனேம்மா" என்று எடுத்துக் காட்ட வேண்டியது. வாசனை சட்டையுடையது என்று ஆகிவிட்டால் யார் வந்து தரையை உடைக்கப் போகிறார்கள்? யோசனை அவளுக்கே பிடித்திருந்தது.

"எப்பவும்போல இருங்க, சாயங்காலம் சாத்தி ஃபேன் போடுங்க. குழந்தையை மட்டும் இனிமே வேற எங்கயாவது விட்டுடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு மண்ணுக்காரி திருகைத் திறந்தாள். லிட்டரம்மா நன்றாகத் தலையாட்டினாள். இத்தனை நாளில் ஆகாதது ஒருநாளில் ஆகிவிடப்போகிறதா என்று குட்டியை வழக்கம்போலத் தொட்டிலில் போட்டாள். அவளுடைய பிடிவாதம் அந்தத் தெருவே அறிந்தது.

பொழுது சாய்ந்தது. ஜன்னல்களைச் சாத்தினாள். ஃபேனைப் போட்டாள். அடுப்பைப் பற்றவைக்கக்கூட இல்லை. நேராகப் பின் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. தரையோரமாகத் தொடங்கி, கால், முழங்கால் என்று ஏறி, முகத்துக்கு வந்தது.

"வந்தாச்சா? உங்களை விரட்டப் பாக்கறாங்க. நான் விட்டுடுவேனா?" என்று சிரித்துக்கொண்டே பெட்டியை வெளியே இழுத்தாள். சட்டையை எடுத்தாள். உருண்டைக்குப் பக்கத்தில் வைக்கும் முன் ஒருமுறை முகத்தில் வைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

ஒன்றுமில்லை.

காலரை முகர்ந்தாள். பாக்கெட்டை முகர்ந்தாள். கைமடிப்பைப் பிரித்து முகர்ந்தாள். பெட்டித் துருவும் பாச்சை உருண்டையும் மட்டும்தான் வந்தன. பெட்ரோல் எப்போதோ ஆவியாகிப் போய்விட்டிருந்தது. இத்தனை வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்தது வெறும் துணி. அறை முழுக்க வாசனை நிறைந்து கிடக்கிறது, அவருடைய சட்டையில் மட்டும் இல்லை.

சட்டையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவளுக்கு ஒன்று உறைத்தது. இந்தச் சட்டையோடு அவர் இந்த அறைக்குள் வந்ததே கிடையாது. மகன் கைக்குழந்தையாக இருந்தபோது ஆரம்பித்த பழக்கம் அது. கொல்லையில் ஒரு ஆணியில் சட்டையை மாட்டிவிட்டு, முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, வேறு துணி மாற்றிக்கொண்டுதான் உள்ளே வருவார். ஒருநாள் பிள்ளைக்கு ஜுரத்தில் கண் செருகிவிட்டது. இவள் போட்ட கூச்சலில் பங்கிலிருந்து சுவரேறிக் குதித்து ஓடிவந்தவர், நிலைப்படியில் அப்படியே நின்றுவிட்டார். கண்ணில் தண்ணீர் வழிகிறது, ஆனால் காலை எடுத்து உள்ளே வைக்கவில்லை. "நீ தூக்கு, நான் குளிச்சிட்டு வரேன். இந்த நாத்தம் பிள்ளைக்கு ஆகாது" என்றார். அன்றைக்கே உள்ளே வராதவர்.

அப்படியானால் இத்தனை நாளாகக் குளிக்காமல், துணி மாற்றாமல், நேரே தொட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நிற்பது யார்?

லிட்டரம்மா கால்களைக் கட்டில்மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். அறையில் எதுவும் அசையவில்லை. சமையலறை ஃபேன் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாசனை அவள் முகத்துக்கு எதிரே, தொட்டிலுக்கு மேலே, எங்கும் நின்றது. அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருப்பதாக நினைத்து அவள் சொன்ன அத்தனை சேதியையும் இதுதான் கேட்டிருக்கிறது. மகன் ஊருக்குப் போனதையும் கேட்டது, அவளுக்குத் தூக்கம் வராததையும் கேட்டது.

"யாரு நீ?" என்றாள். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

குட்டி தூக்கத்தில் முனகி இரண்டு தரம் இருமியது. அந்தச் சத்தத்தில் அவளுக்கு உயிர் வந்தது. குழந்தையை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஃபேனை அணைத்து, ஒரு கையாலேயே ஜன்னல்களைப் படார் படாரென்று திறந்துகொண்டே வாசலுக்கு ஓடினாள். தங்கை வந்தபோது வீடு முழுக்கத் திறந்து கிடந்தது, அக்கா செருப்பில்லாமல் தெருவில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னக்கா ஆச்சு?"

"இனிமே குட்டியை இங்க கொண்டுவராத. நான் உன் வீட்டுக்கு வந்து பாத்துக்கறேன். எதுவும் கேக்காத, போ." தங்கை கேட்காமலா இருப்பாள்? கேட்டாள், திட்டினாள், அழுதாள். லிட்டரம்மா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். வாங்க வேண்டியதுதான் என்று அவளுக்கே தோன்றியது.

மறுநாள் மண்ணுக்காரியிடம் சட்டையைப் பற்றிச் சொன்னாள், ஜன்னலைப் பற்றிச் சொன்னாள், குட்டியைப் பற்றியும் மறைக்கவில்லை. கடைசியைக் கேட்டதும் மண்ணுக்காரியின் முகம் கடுகடுத்தது. "குழந்தையை டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்கம்மா, இன்னிக்கே" என்றாள். தங்கை ஏற்கெனவே காட்டியிருந்தாள். பயப்பட ஒன்றுமில்லை, அந்த அறைப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கப்புறம்தான் மண்ணுக்காரி வேலைப் பேச்சுக்கு வந்தாள். ஜன்னல் திறந்த சோதனை செல்லாது. இன்னொரு உருண்டை வைக்க வேண்டும். மறுபடியும் எல்லாவற்றையும் சாத்த வேண்டும், மறுபடியும் ஃபேனைப் போட வேண்டும். "நீங்க உள்ள இருக்க வேணாம்மா. போட்டுட்டு வெளிய வந்துடுங்க."

ஆக, அதை இன்னொரு தடவை அவளே கூப்பிட வேண்டியிருந்தது. சட்டையைத் துவைத்து வெளியே காயப்போட்டுவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தினாள். ஃபேனைப் போட்டாள். பின் அறைப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்து கதவைப் பூட்டி, வாசல்படியில் உட்கார்ந்தாள். உள்ளே ஃபேன் சத்தம் கேட்டது. இந்நேரம் வந்திருக்கும். பழகிய வாய் "வந்தாச்சா" என்று கேட்கத் துடித்தது. எழுந்து போய்விடக் கூடாது என்று படியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

எதிர்வீட்டில் ஒரு தையல்காரி இருந்தாள். கடையைப் பூட்டிவிட்டு வந்தவள் லிட்டரம்மாவைப் பார்த்து நின்றாள். "என்ன லிட்டரம்மா, இருட்டுற நேரத்துல வெளிய உக்காந்திருக்கீங்க? உள்ள ஃபேன் ஓடுதே, யாராவது வந்திருக்காங்களா?"

"இல்ல, யாரும் வரல."

"அப்புறம் ஏன் ஒரு மாதிரியா இருக்கீங்க?"

லிட்டரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "எங்க வீட்டுக்காரர் செத்துப்போயிட்டார்" என்றாள்.

தையல்காரிக்கு அது தெரியாத சேதியா? சாவுக்கு முதல் ஆளாக வந்தவளே அவள்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவள், லிட்டரம்மாவின் முகத்தைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சற்று முன்புதான் சேதி வந்த வீட்டில் உட்காருவதுபோல் உட்கார்ந்திருந்தாள். லிட்டரம்மா வாய்விட்டு அழத் தொடங்கினாள்.